நீள்வீட்டு மக்களின் போரும் பேச்சும்: இரோக்வா வரலாறு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

17ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரோக்வா மக்களைக் குறித்து ஒரே வகையான ஐயங்களையே நான் திரும்பத் திரும்பக் கேட்டுவந்திருக்கிறேன். தோல் வணிகத்துக்காக அண்டை நாடுகளை அழித்தவர்கள் என்று ஒருவர் சொல்வார். கூட்டாட்சியை உலகுக்குக் கற்றுக்கொடுத்த சமாதானப் பிரியர்கள் என்று இன்னொருவர் சொல்வார். இவற்றுள் எதை ஏற்றாலும் மற்றதற்கு விளக்கம் கிடைக்காது. அவர்களுடைய போருக்கும் சமாதானப் பேச்சுக்கும் வேர் ஒன்றே என்பது என் கருத்து. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தந்திருக்கிறேன்.

இரோக்வா என்பது ஓர் இனத்தின் பெயரா, ஒரு நாட்டின் பெயரா?

இரண்டும் அல்ல, ஐந்து நாடுகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்புக்குப் பிறர் இட்ட பெயர் அது. பிரெஞ்சுக்காரர்களின் வழியாக அது பரவியது. அந்த மக்கள் தங்களை ஹோடனோஷோனி என்று அழைத்துக்கொள்கிறார்கள். நீள்வீட்டு மக்கள் என்பது அதன் பொருள். இன்றைய நியூயார்க் மாநிலத்தில், கிழக்கிலிருந்து மேற்காக மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெக்கா என்ற வரிசையில் அவர்கள் வாழ்ந்தார்கள். தெற்கே கரோலினாவிலிருந்து வந்த டஸ்கரோரா மக்கள் 1722ஆம் ஆண்டுவாக்கில் ஆறாவது நாடாகச் சேர்ந்தார்கள்.

நீள்வீடு என்பது மரப்பட்டை வேய்ந்த நீண்ட குடியிருப்பு. தாய்வழியில் உறவுடைய பல குடும்பங்கள் அதில் சேர்ந்து வாழ்ந்தன. நடுவே வரிசையாக அடுப்புகள் எரிந்தன. தங்கள் நிலம் முழுவதையும் அத்தகைய ஒரே வீடாக அவர்கள் கருதினார்கள். மோஹாக் மக்கள் அதன் கிழக்கு வாசலைக் காத்தார்கள். செனெக்கா மக்கள் மேற்கு வாசலைக் காத்தார்கள். நடுவிலிருந்த ஒனொண்டாகாவில் பொதுச் சபையின் நெருப்பு எரிந்தது.

இவர்களைச் செவ்விந்தியர் என்று எழுதலாமா?

பழைய தமிழ் நூல்களில் அச்சொல் உண்டு என்றாலும் அதைத் தவிர்ப்பதே முறை. முதல் குடிகள் என்றோ அந்தந்த நாட்டின் பெயராலோ குறிப்பிடலாம். இங்கே இரோக்வா என்ற சொல்லை வாசகர்களுக்குப் பழகியது என்பதற்காக மட்டுமே பயன்படுத்துகிறேன்.

ஐந்து நாடுகளும் எப்போது, எப்படி ஒன்று சேர்ந்தன?

காலத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 12ஆம் நூற்றாண்டு என்போரும் உண்டு, 16ஆம் நூற்றாண்டு என்போரும் உண்டு. ஐரோப்பியர் அங்கே குடியேறுவதற்கு முன்பே கூட்டமைப்பு உருவாகிவிட்டது என்பதே பெரும்பாலோர் முடிவு. எப்படி உருவானது என்பதை வாய்மொழி மரபு விரிவாகச் சொல்கிறது. ஐந்து நாடுகளும் ஒன்றையொன்று பழிக்குப்பழி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், தன் மகள்களை இழந்து துயரத்தால் நிலைகுலைந்து காட்டில் திரிந்தார் ஹியாவத்தா. அமைதி நாயகர் என்று மரபு போற்றும் ஒருவர் அவரைச் சந்தித்து, சிப்பி மணிகளைக் கையிலெடுத்து, ஆறுதல் சொற்களைச் சொல்லி அவர் மனத்தைத் தெளிவித்தார். பின்னர் இருவரும் நாடு நாடாகச் சென்று அந்த ஆறுதலையே சட்டமாக்கினார்கள். தலைமுடியில் பாம்புகள் நெளிந்ததாக மரபு வருணிக்கும் ஒனொண்டாகாவின் கொடிய தலைவர் ததோதாஹோவும் இறுதியில் இணங்கினார். பொதுச் சபையின் முதன்மை இடம் அவருக்கே அளிக்கப்பட்டது.

அந்தச் சபையில் 50 தலைவர் பட்டங்கள் இருந்தன. ஒரு தலைவர் இறந்தால் அவருடைய குலத்தின் மூத்த பெண்மணியான குலத்தாய் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் முறை தவறினால் அவரை நீக்கும் அதிகாரமும் குலத்தாயிடமே இருந்தது. புதியவர் இறந்தவரின் பெயரையே ஏற்றார். இறந்தவரின் இடம் காலியாக விடப்படக் கூடாது என்ற இந்த எண்ணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் பதில்கள் பலவும் இதற்கே திரும்பி வரும்.

அமைதிக்காகவே உருவான கூட்டமைப்பு ஏன் இவ்வளவு போர்களில் ஈடுபட்டது?

அந்த அமைதி நீள்வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியாருடன் அத்தகைய உறவு ஏற்படாதவரை அவர்கள் பகைவராகக்கூடியவர்களே. ஒரு குடும்பத்தில் சாவு நேர்ந்து, துக்கம் தீர்க்கும் சடங்குகளாலும் உறவினரின் மனம் ஆறவில்லையென்றால், அக்குடும்பத்தின் பெண்கள் வீரர்களிடம் சிறைப்பிடித்து வருமாறு கேட்கும் உரிமை பெற்றிருந்தார்கள். வரலாற்றாளர்கள் இதைத் துக்கப் போர் என்கிறார்கள். நிலத்தைப் பிடிப்பதைவிட ஆளைப் பிடித்துவருவதே இதன் நோக்கம். பிடித்துவரப்பட்டவருக்கு இறந்தவரின் பெயரைச் சூட்டி, அவருடைய உறவுமுறைகளையும் கடமைகளையும் அளித்து, அந்த வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

எனவே சொந்த வீரர்களை அதிகமாக இழந்து பெறும் வெற்றியை அவர்கள் வெற்றியாகவே மதிக்கவில்லை. சாவை ஈடுசெய்யப் புறப்பட்டவர்கள் மேலும் சாவுகளோடு திரும்புவதில் பொருளில்லையே. பதுங்கித் தாக்குவதையும் விரைந்து பின்வாங்குவதையும் கண்ட ஐரோப்பியர் அதைக் கோழைத்தனம் என்று எழுதிவைத்தது இந்தக் கணக்கை அறியாததால்தான்.

பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்தார்கள் என்பது உண்மையா, ஐரோப்பியரின் கட்டுக்கதையா?

உண்மை. பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் குடும்பங்களில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். வளர்ந்த ஆண்களில் பலர் ஊர் முழுவதும் கூடிநிற்க நெருப்பிலிட்டுக் கொல்லப்பட்டார்கள். யார் வாழ்வது, யார் சாவது என்பதைத் துக்கத்துக்குள்ளான குடும்பம், குறிப்பாக அதன் பெண்கள், தீர்மானித்தார்கள். இதை மூடிமறைத்து எழுதுவது அம்மக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்களுடைய பகைவரான வெண்டாட் மக்களும், ஹியூரான் என்று பிரெஞ்சுக்காரர் அழைத்தவர்கள் இவர்களே, இதே முறையைப் பின்பற்றினார்கள். இதைக் கண்டு அஞ்சிய ஐரோப்பியரின் சொந்த ஊர்களிலும் நிலைமை வேறல்ல: நான்காம் ஹென்றி மன்னரைக் கொன்றவரை 1610இல் பாரிஸ் நகரச் சதுக்கத்தில் மக்கள் கூட்டத்தின் முன் குதிரைகளைப் பூட்டிக் கிழித்துக் கொன்றார்கள்.

பீவர் தோலுக்கு ஏன் அவ்வளவு கிராக்கி?

பீவர் என்பது ஆறுகளில் மரக்கிளைகளால் அணைகட்டி வாழும் கொறிவிலங்கு. அதன் மேல்மயிருக்கு அடியிலுள்ள மென்மயிர் ஒன்றோடொன்று நன்றாகப் பின்னிக்கொள்ளும் என்பதால், நீரைத் தாங்கும் உறுதியான தொப்பிகளைச் செய்ய அது மிகவும் ஏற்றது. ஐரோப்பாவின் சொந்தப் பீவர்கள் வேட்டையால் அருகிவிட்ட நிலையில், தொப்பிக் கலைஞர்கள் அமெரிக்கத் தோலை நாடினார்கள். முதல் குடிகள் மேலாடையாக உடுத்திப் பழையதான தோலுக்கு மதிப்பு அதிகம். உடுத்த உடுத்த மேல்மயிர் உதிர்ந்து மென்மயிர் மட்டும் எஞ்சியிருக்கும். மாற்றாகச் செம்புப் பாத்திரம், இரும்புக் கோடரி, கம்பளித் துணி, பின்னர் துப்பாக்கியும் வெடிமருந்தும் கிடைத்தன. குளிர் மிகுந்த வடபகுதிகளின் தோல்தான் அடர்த்தியானது. இரோக்வா நிலம் அந்த வளத்துக்குத் தெற்கே இருந்தது என்பதே அவர்களுக்கிருந்த இடர்ப்பாடு.

பிரெஞ்சு நாடாய்வாளர் சாம்ப்ளேன் 1609இல் சுட்ட துப்பாக்கிதானே எல்லாப் பகைக்கும் தொடக்கம்?

பள்ளிப் பாடங்களில் அப்படித்தான் வருகிறது. ஆனால் பகை அதற்கு முந்தியது. 1530களில் கார்ட்டியே என்ற பிரெஞ்சுப் பயணி பார்த்த ஸ்டடகோனா, ஹோஷெலாகா ஆகிய செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரை ஊர்கள் 1603இல் சாம்ப்ளேன் வந்தபோது மறைந்துவிட்டிருந்தன. 1609 ஜூலையில், இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கும் ஏரியின் கரையில், அல்கோன்கின், இன்னு, வெண்டாட் வீரர்களுடன் வந்த சாம்ப்ளேன் சுமார் 200 மோஹாக் வீரர்களை எதிர்கொண்டார். அவருடன் வேறு இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமே இருந்தார்கள். மரத்தாலும் நாராலும் ஆன கவசம் குண்டைத் தடுக்கவில்லை, தலைவர்கள் வீழ்ந்தார்கள். முன்பே இருந்த ஒரு போரில் பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள் என்பதே அந்நிகழ்ச்சியின் பொருள்.

இதைவிட நிலையான மாற்றத்தை ஏற்படுத்தியது, 1624இல் டச்சுக்காரர் இன்றைய ஆல்பனியில் ஆரஞ்ச் கோட்டையைக் கட்டியதே. அந்தக் கோட்டைக்குச் செல்லும் வழியை மஹிகன் மக்களிடமிருந்து பறிக்க மோஹாக் மக்கள் போரிட்டு 1628இல் வென்றார்கள். வணிகத்துக்காகவே நடந்த போர் என்று தயங்காமல் சொல்லக்கூடியது அது.

அப்படியானால் வெண்டாட் நாட்டை அழித்ததும் தோல் வணிகத்தைக் கைப்பற்றத்தானே?

இக்கேள்வியே எல்லாவற்றிலும் அதிகமாகக் கேட்கப்படுவது. நிகழ்ந்ததை முதலில் சொல்கிறேன். 1649 மார்ச் 16 விடியலுக்கு முன், சுமார் 1,000 மோஹாக், செனெக்கா வீரர்கள் ஹியூரான் ஏரிப் பகுதியிலிருந்த வெண்டாட் ஊர்களுள் புகுந்து இரண்டு ஊர்களை வீழ்த்தினார்கள். பிரெபுஃப், லாலமான் என்ற இரு ஏசு சபைக் குருமார்கள் கொல்லப்பட்டார்கள். எஞ்சிய வெண்டாட் மக்கள் தங்கள் ஊர்களைத் தாங்களே எரித்துவிட்டு ஒரு தீவுக்குத் தப்பியோடினார்கள். அந்தக் குளிர்காலத்தில் பசியால் பெருந்தொகையானோர் மாண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தியோனொந்தாத்தி, நியூட்ரல், ஈரி ஆகிய நாடுகளும் இதேபோல் சிதறின. டச்சு வணிகரிடம் பெற்ற துப்பாக்கிகள் இரோக்வா கையில் மிகுதியாக இருந்தன. பிரெஞ்சுக்காரரோ நெடுங்காலம் கிறிஸ்தவம் தழுவியவர்களுக்கு மட்டுமே துப்பாக்கி தந்தார்கள்.

தோல் ஏற்றிவந்த படகுகளை அவர்கள் மறித்துப் பறித்ததும், வடக்கின் வேட்டை நிலத்தை விரும்பியதும் மெய். ஆனால் இதற்கு முந்திய 15 ஆண்டுகளைப் பாருங்கள். 1634 டிசம்பரில் ஃபன் டென் போகார்ட் என்ற டச்சுக்காரர் மோஹாக் ஊருக்குச் சென்றபோது, பெரியம்மையால் பலர் இறந்துபோயிருந்ததால் தலைவர் ஊருக்கு வெளியே தனித்துக் குடியிருந்தார். மோஹாக் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அக்காலத்தில் மடிந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். துக்கப் போர் பற்றி மேலே சொன்னதை இந்தச் சாவுகளோடு பொருத்திப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இடங்கள் காலியாகிவிட்டன. ஒன்றிரண்டு பேரைப் பிடித்துவருவதால் அவை நிரம்பா. ஊர் ஊராகப் பெயர்த்துக் கொண்டுவர வேண்டிய நிலை வந்தது.

இதற்கு வலுவான சான்று வெற்றிக்குப் பின்னர் நடந்தவற்றில் இருக்கிறது. கியூபெக்கில் அடைக்கலம் புகுந்திருந்த வெண்டாட் அகதிகளைத் தங்களோடு வந்து வாழுமாறு 1650களில் மோஹாக் நாடும் ஒனொண்டாகா நாடும் போட்டியிட்டு வற்புறுத்தின. அகதிகளுள் கரடிப் பிரிவினர் மோஹாக் மக்களிடமும் பாறைப் பிரிவினர் ஒனொண்டாகா மக்களிடமும் சென்றார்கள். செனெக்கா நாட்டில் கந்தூகாரே என்ற ஓர் ஊரே இவ்வாறு வந்தவர்களால் நிறைந்தது. வணிகத்தின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது துப்பாக்கியைத் தந்தது, துப்பாக்கி சாவைப் பெருக்கியது, சாவு மீண்டும் போரைக் கேட்டது. ஆயினும் வடக்கின் தோல் வணிகத்தை இரோக்வா மக்கள் கைப்பற்றவே இல்லை. வெண்டாட் மக்கள் விட்டுச்சென்ற இடைத்தரகர் இடத்தை ஒடாவா மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வாம்பம் என்பது அவர்களுடைய நாணயம்தானே?

கடற்கரைச் சிப்பிகளிலிருந்து செய்த வெள்ளை, ஊதா நிற மணிகளே வாம்பம். சில்லறைக் காசுத் தட்டுப்பாட்டால் டச்சு, ஆங்கிலக் குடியேறிகள் அதைப் பணமாகப் புழங்கினார்கள். இரோக்வா மக்களிடம் அது சொல்லுக்கு உடலளிக்கும் பொருள். ஹியாவத்தாவின் கதையில் ஆறுதல் சொற்களோடு மணிகள் வந்ததை நினைவுகூருங்கள். அந்த மணிகளைக் கோத்துப் பின்னிய பட்டை தராமல் பேசிய பேச்சு சபையில் நிற்காது. பட்டையை ஏற்றுக்கொண்டால் அந்தச் சொல்லை ஏற்றதாகும்.

1645 ஜூலையில் மோஹாக் தூதர் கியோத்சேயெத்தோன் உடலெங்கும் வாம்பம் அணிந்து பிரெஞ்சுக்காரரின் த்ருவா ரிவியேர் ஊருக்கு வந்தார். இரண்டு கம்பங்களுக்கிடையே கயிறு கட்டி, 17 பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தியைச் சொல்லி, வழியிலிருந்த அருவிகளையும் அலைகளையும் நடித்துக் காட்டிப் பேசினார். முதல் பட்டைகளில் ஒன்றை, தம்முடன் திரும்ப அழைத்துவந்த கூத்தூர் என்ற பிரெஞ்சுக் கைதியின் கையில் கட்டினார். அதைப் பதிவுசெய்த ஏசு சபைக் குருவின் எழுத்தில் வியப்பு ததும்புகிறது.

நேராக விஷயத்துக்கு வராமல் ஏன் அவ்வளவு நீண்ட சடங்கு?

அந்தச் சடங்குதான் விஷயமே. வரும் தூதரைக் காட்டின் விளிம்பில் எதிர்கொண்டு, கண்ணீரைத் துடைத்து, காதின் அடைப்பை நீக்கி, தொண்டையின் தடையை அகற்றுவதாகச் சொல்லி மூன்று ஆறுதல்களை வழங்குவார்கள். துக்கம் நிறைந்தவரால் சரியாகப் பார்க்கவோ கேட்கவோ பேசவோ இயலாது. அந்நிலையில் அவர் ஒப்புக்கொள்வது எதுவும் நிலைக்காது. எதிர்த்தரப்பின் பேச்சைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லிவிட்டே பதிலளிப்பார்கள்; பதிலைப் பெரும்பாலும் மறுநாளுக்குத் தள்ளுவார்கள். ஆல்பனியிலும் மாண்ட்ரியலிலும் இருந்த ஆளுநர்கள் இந்த முறையைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வட அமெரிக்காவில் நடந்த பேச்சுவார்த்தைகளின் இலக்கணத்தை இரோக்வா மக்களே எழுதினார்கள் என்று நான் கருதுகிறேன்.

பிரெஞ்சு ஆளுநரைத் தந்தை என்று அழைத்தார்களே, அது பணிந்துபோனதற்கு அடையாளம் அல்லவா?

பிரெஞ்சுக்காரர் அப்படித்தான் எண்ணிக்கொண்டார்கள். தாய்வழிச் சமூகத்தில் குலத்தின் அதிகாரம் தாயிடமும் தாய்மாமனிடமும் இருக்கும். தந்தை வேறு குலத்தைச் சேர்ந்தவர், அன்பு காட்டவும் பரிசு கொடுக்கவும் கடமைப்பட்டவர், ஆணையிட உரிமையற்றவர். ஒனொந்தியோ என்று அழைக்கப்பட்ட ஆளுநர் தந்தை என்ற சொல்லில் கீழ்ப்படிதலைக் கேட்டார். அழைத்தவர்கள் அதில் கொடையை எதிர்பார்த்தார்கள். ஆங்கிலேயரைச் சகோதரர் என்றே அழைத்தார்கள். 1677இல் ஆல்பனியில் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரோஸ் காலத்தில் உறுதிப்பட்ட உறவுக்கு உடன்படிக்கைச் சங்கிலி என்று பெயர். வெள்ளிச் சங்கிலியில் கறை படியாமலிருக்க அவ்வப்போது கூடி மெருகேற்ற வேண்டும் என்பார்கள். ஒருமுறை கையெழுத்திட்டால் போதும் என்ற ஐரோப்பிய வழக்கத்திலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது.

ஒரு பக்கம் சமாதானம் பேசிக்கொண்டே மறுபக்கம் தாக்கினார்களே, அது துரோகம் இல்லையா?

சில நேரங்களில் அது திட்டமிட்ட தந்திரமாகவும் இருந்திருக்கிறது. ஆனால் பொதுச் சபைக்கு யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. ஒனொண்டாகா சமாதானம் பேசும்போது மோஹாக் போரிடலாம். ஓர் ஊரின் பெரியவர்கள் ஒப்புக்கொண்டதை இளம் வீரர்கள் மீறலாம். ஒரே அரசனின் ஆணையை எதிர்பார்த்தவர்களுக்கு இது துரோகமாகத் தெரிந்தது.

துரோகம் என்று எழுதும்போது மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 1687இல் பிரெஞ்சு ஆளுநர் தெனோன்வில், ஃபிரான்டெனாக் கோட்டை அருகே இரோக்வா மக்கள் பலரை நயமாக வரவழைத்துப் பிடித்து, அவர்களில் சிலரை அரசரின் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்; பின் செனெக்கா ஊர்களையும் விளைந்து நின்ற மக்காச்சோளத்தையும் எரித்தார். 1689 ஆகஸ்டு 5 அன்று சுமார் 1,500 வீரர்கள் மாண்ட்ரியல் அருகிலுள்ள லஷீன் குடியிருப்பைத் தாக்கியது இதன் பின்விளைவு.

1701இல் பிரெஞ்சுக்காரருடனும் மேற்கேயிருந்த முதல் குடிகளுடனும் செய்துகொண்ட சமாதானம் தோல்வியா, ராஜதந்திர வெற்றியா?

தோல்வியின் விளிம்பில் நின்று பெற்ற வெற்றி. ஐந்து நாடுகளிலும் 1689இல் 2,550 வீரர்கள் இருந்ததாகவும் 1698இல் 1,230 பேரே எஞ்சியதாகவும் ஆங்கிலேயரின் கணக்கு கூறுகிறது. மேற்கேயிருந்த முதல் குடி நாடுகளின் வீரர்கள் வடக்கிலிருந்து அவர்களை விரட்டியிருந்தார்கள். 1696இல் ஒனொண்டாகாவும் ஒனைடாவும் எரிந்திருந்தன. ஆங்கிலேயர் 1697இல் பிரான்சுடன் தனியே சமாதானம் செய்துகொண்டார்கள்.

1701 கோடையில் சுமார் 1,300 தூதர்கள் மாண்ட்ரியலில் கூடினார்கள். ஏறக்குறைய 40 நாடுகள் பங்கேற்றன. கடுமையான சிக்கல் எழுந்தது கைதிகளைத் திருப்பித் தருவதில்தான். மேற்கு நாடுகள் தங்களிடமிருந்தவர்களை அழைத்துவந்தன. இரோக்வா தூதர்கள் வெறுங்கையோடு வந்து, சேர்த்துக்கொண்டவர்கள் எங்கள் பிள்ளைகளாகிவிட்டார்கள், வர மறுக்கிறார்கள் என்றார்கள். துக்கப் போரின் அடிப்படை எண்ணமே அங்கே பேரத்துக்கு வந்துவிட்டது. வெண்டாட் தலைவர் கொண்டியரோங்க் ஆகஸ்டு 1 அன்று காய்ச்சலோடு சாய்வு நாற்காலியில் அமர்ந்து நெடுநேரம் பேசிச் சமாதானத்தைக் காத்தார். மறுநாள் விடிவதற்குள் உயிர் நீத்தார். அவருக்குத் துக்கம் அனுசரிக்க இரோக்வா தூதர்களும் வந்து துக்கத்திலிருந்தவர்களின் கண்ணீரைத் துடைக்கும் சடங்கைச் செய்தார்கள். ஆகஸ்டு 4 அன்று தலைவர்கள் தத்தம் குல விலங்குகளை வரைந்து உடன்பட்டார்கள்.

இரோக்வா மக்கள் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான போர்களில் நடுநிலை வகிப்பதாக ஏற்றார்கள். அதே கோடையில் ஆல்பனியில், தங்கள் கட்டுப்பாட்டிலிருந்து ஏற்கெனவே போய்விட்ட மேற்குப் பீவர் வேட்டை நிலத்தை ஆங்கில மன்னரின் பாதுகாப்பில் ஒப்படைத்துப் பத்திரம் எழுதினார்கள். இழந்ததைக்கூட நட்பின் காணிக்கையாக மாற்றிய அந்தத் திறமையை நான் பெரிதும் மதிக்கிறேன். நீள்வீடு அடுத்த 50 ஆண்டுகளுக்கு இரு பேரரசுகளுக்கும் நடுவே நிமிர்ந்து நின்றது அதனால்தான்.

அமெரிக்க அரசியல் சட்டம் இவர்களைப் பார்த்து எழுதப்பட்டதா?

1744இல் லான்காஸ்டர் பேச்சுவார்த்தையில் ஒனொண்டாகா பேச்சாளர் கனசதேகோ, எங்களைப் போல ஒன்றுபடுங்கள் என்று ஆங்கிலக் குடியேற்றங்களுக்கு அறிவுரை கூறினார். அதை அச்சிட்டவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இரோக்வா நாடுகளால் ஒன்றுபட முடியும்போது நம்மால் முடியாதா என்று 1751இல் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆனால் அவர்களை அறியாமை நிறைந்த காட்டுமிராண்டிகள் என்றே அதில் குறிப்பிட்டார். 1988இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இரோக்வா கூட்டமைப்பின் பங்களிப்பை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றுபடுதல் என்ற எண்ணத்துக்கு அவர்கள் முன்மாதிரியாக இருந்தார்கள் என்பதை ஏற்கிறேன். சட்டத்தின் அமைப்பு அவர்களுடையது அல்ல: அதில் ஒருமித்த முடிவு இல்லை, தலைவரை நீக்கும் குலத்தாயும் இல்லை.

அந்த உடன்படிக்கைகளுக்கு இன்று ஏதாவது மதிப்பு உண்டா?

உண்டு. அமெரிக்கப் புரட்சிப் போரில் கூட்டமைப்பு பிளவுபட்டு, நிலத்தின் பெரும்பகுதி பறிபோனது. ஆயினும் 1794இல் கனண்டைகுவாவில் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஆண்டுக்கு 4,500 டாலர் மதிப்புள்ள பொருள்களை அமெரிக்கா வழங்க வேண்டும். இப்போதும் ஆண்டுதோறும் துணி வந்துகொண்டிருக்கிறது. விலைவாசி உயர்ந்ததால் ஒருவருக்குக் கிடைக்கும் துண்டு சிறியதாகிவிட்டது. பணமாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றாலும் அவர்கள் துணியையே கேட்கிறார்கள்.